கப்பலேறிய நாகூரார்: புலம்பெயர்ந்த பண்பாட்டைப் படிப்பது எப்படி

கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் அம்மன் கோயில் பூசை ஒன்றைப் பார்த்தால், கோயில் முற்றத்தில் ஒரு கம்பம் நிற்பதும் அதில் கொடி ஏறுவதும் கண்ணில் படும். அந்தக் கொடி அம்மனுக்கு உரியதல்ல, 'நாகூர்மீரா'வுக்கு உரியது. அம்மனுக்கு அங்கே 'மாலியேமேன்' என்று பெயர். பூசை செய்கிறவர் 'பூசாரி'. அடிக்கிற மேளம் 'தப்பு'. கூடவே 'மத்தாலோன்', அதாவது நம் மத்தளம். பலி முடிந்து இலையில் விழுவது 'கொலொம்போ' என்ற கறி. கூட்டத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறவர் அநேகமாக யாருமில்லை. பேச்செல்லாம் கிரியோல் என்ற தீவுக் கலப்பு மொழியும் பிரெஞ்சும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தேவாலயம் போகிறவர்களும் அங்கே நிறையப் பேர்.

இதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். 'எல்லாம் கலந்து குழம்பிப் போச்சு' என்பது ஒன்று. 'கடல் கடந்தும் நம்ம பண்பாடு அழியலை பாருங்க' என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. இரண்டுமே அதற்குமேல் கேள்வி கேட்க விடாமல் வாயை அடைத்துவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: அம்மன் கோயிலில் ஏன் ஓர் இஸ்லாமியப் பெரியவருக்குக் கொடி? மொழி போன பிறகும் பூசாரி என்ற சொல் எப்படி நின்றது? இவற்றுக்குத் திட்டமான பதில் உண்டு.

நாகூரிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தம் போட்டு ஆள் ஏற்றினார்கள். மார்த்தினிக்கில் முதல் கப்பல் 1853இலும் குவாதலூப்பில் 1854இலும் கரை சேர்ந்தன. காரைக்காலுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் நாகூர். அங்கே அடங்கியிருக்கும் 16ஆம் நூற்றாண்டுப் பெரியவர் சாகுல் ஹமீது, கடலில் போகிறவர்களைக் காப்பவர் என்று மீனவரும் மாலுமியும் வணிகரும் மதம் பார்க்காமல் நேர்ந்துகொண்ட ஆண்டவர். அவருடைய ஆண்டு விழாவான கந்தூரியில் முதலில் நடப்பது கொடியேற்றம். மூன்று மாதக் கடல் பயணத்துக்குக் கிளம்புகிறவர் நாகூராரை வேண்டாமல் கப்பல் ஏறியிருந்தால்தான் வியப்பு. தீவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், முஸ்லிம்கள் கொஞ்சம் பேர். தர்கா கட்டி நிர்வகிக்கத் தனி ஜமாஅத் உருவாக வழியில்லை. ஆகவே நாகூரார் அம்மன் கோயில் முற்றத்திலேயே கொடிக்கம்பமாக நின்றுவிட்டார். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவிலும் இதே கம்பம் உண்டு. அங்கே பெயர் 'நர்குலான்'.

இதே நாகூரார் கிழக்கே போன கதை வேறு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே கட்டடங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் தர்கா 1828–30இல் எழுந்தது. அங்கே போனவர்கள் சொந்தத் தொழிலும் சொந்த ஜமாஅத்தும் வைத்திருந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள். வேண்டுதல் ஒன்றுதான். யார் போனார்கள், எத்தனை பேர், யார் கையில் பணமும் நிலமும் இருந்தன என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் அது தர்கா ஆனது, இன்னோரிடத்தில் அம்மன் கோயில் கம்பம் ஆனது.

நான் சொல்ல வருவது இதுதான். புலம்பெயர்ந்த பண்பாடு ஒரே கட்டியாகக் கரைவதில்லை. மொழி ஒரு வேகத்தில் போகும், பெயர் ஒரு வேகத்தில் மாறும், உறவுமுறை ஒரு வேகத்தில் சுருங்கும், சடங்கு தனி வேகத்தில் நகரும். ஒவ்வொன்றின் வேகத்துக்கும் தனிக் காரணம் இருக்கும். தேடினால் அந்தக் காரணத்தைப் பெயர் சொல்லிக் காட்டலாம். எல்லாவற்றையும் சேர்த்து 'கலப்பு' என்று ஒரே சொல்லில் கட்டிவிட்டால் காரணம் கையில் சிக்காது.

மானிடவியலிலேயே இந்தத் தெளிவு வரக் கொஞ்சம் காலம் பிடித்தது. 1936இல் ராபர்ட் ரெட்ஃபீல்டு, ரால்ஃப் லிண்டன், மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பண்பாட்டுத் தொடர்பை ஆராய ஒரு சட்டகம் வகுத்தார்கள். இரு குழுக்கள் நேரடியாகவும் தொடர்ச்சியாகவும் பழகும்போது ஒன்றிலோ இரண்டிலுமோ ஏற்படும் மாற்றம் என்று அதில் வரையறுத்தாலும், நடைமுறையில் பலர் அதைச் 'சிறுபான்மை பெரும்பான்மையில் கரைவது' என்றே எடுத்துக்கொண்டார்கள். கியூபாவின் பெர்னாண்டோ ஓர்டிஸ் 1940இல் அதை மறுத்து 'டிரான்ஸ்கல்ச்சுரேஷன்' என்ற சொல்லை முன்வைத்தார். ஒன்றை இழப்பது, இன்னொன்றைப் பெறுவது, இரண்டிலும் இல்லாத புதிதொன்று பிறப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து நடப்பதைக் குறிக்க அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அவர் பார்த்ததும் கரும்பும் புகையிலையும் விளைந்த மண்தான். நமக்கு நடைமுறையில் பயன்படுவது இந்த மூன்று கேள்விகள். எந்தப் பொருளை எடுத்தாலும் எது போனது, எது வந்தது, எது புதிதாய் முளைத்தது என்று தனித்தனியே எழுதுங்கள்.

ஆள் எடுத்த விதம்

முதலில் பார்க்க வேண்டியது ஆட்கள் எப்படிப் போனார்கள் என்பதை. தமிழகத்திலிருந்து போன கூலிகள் இரண்டு வழியில் போனார்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்பட்ட கட்டுரைகளில் பாதி பயனற்றவை என்பது என் எண்ணம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் பெருவாரியாக ஆள் சேர்த்தது கங்காணி முறை. கங்காணி தன் ஊருக்கே வந்து, தன் உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் திரட்டிக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போவார். ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே வழக்கு மொழி. கடலும் குறுகியது, போய்வரலாம். ஆகவே சாதியும் மொழியும் குலதெய்வமும் ஒன்றாகவே மூட்டை கட்டிப் போயின. மலாயாவில் தோட்டத்துக்குள்ளேயே தமிழ்ப் பள்ளியும் வந்தது. மலாயாவுக்கு இந்த ஆள் சேர்ப்பு இந்திய அரசு 1938இல் தடுக்கும்வரை நடந்தது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரிஷியஸ், ரெயூனியன், ஃபிஜி, கரீபியன் தீவுகளுக்குப் போனது பெரும்பாலும் ஒப்பந்த முறையில். சென்னையிலோ காரைக்காலிலோ ஒரு டெப்போ. பல மாவட்டத்து ஆட்கள் அங்கே தனித்தனியாக வந்து சேர்வார்கள். பொதுவாக ஐந்து வருட ஒப்பந்தம். பல காலனிகளுக்கு 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும் என்று விதி. விதியே 40 என்றால் மீதி 60 ஆண்களுக்கு அந்தக் கப்பலில் பெண்ணே இல்லை, தன் சாதியில், தன் மொழியில் பெண் கிடைப்பது இன்னும் அரிது என்று பொருள். தீவில் இறங்கிய முதல் தலைமுறையிலேயே அகமணம், அதாவது சாதிக்குள்ளேயே மணப்பது, உடைந்தது இதனால்தான். யாரும் சீர்திருத்தம் பேசி உடைக்கவில்லை. தாயின் மொழி ஒன்று, தகப்பன் மொழி வேறு, தோட்டத்து மொழி மூன்றாவது என்று ஆன வீட்டில் குழந்தை மூன்றாவதைத்தான் பேசும்.

யார் முதலில் போனார்கள் என்பதும் முக்கியம். ஃபிஜிக்கு முதல் கப்பல் 1879இல் கல்கத்தாவிலிருந்து போனது. சென்னையிலிருந்து ஆள் போனது 1903இலிருந்துதான். அதற்குள் போஜ்புரி, அவதி என்ற வட இந்தியப் பேச்சுமொழிகள் சேர்ந்து உருவான ஃபிஜி இந்தி தோட்டங்களில் நிலைகொண்டுவிட்டது. பின்னால் வந்த தமிழர் முன்னால் வந்தவர்கள் செய்துவைத்த மொழிக்குள் நுழைந்தார்கள். தென்னிந்தியரின் சங்கம் அங்கே 1926இல் உருவானபோது, மொழியைக் காப்பது அதன் தலையாய வேலைகளில் ஒன்றானது இந்த நெருக்கடியால்தான்.

ஆகவே ஒரு சமூகத்தைப் படிக்கத் தொடங்கும்போது முதல் பக்கத்தில் எழுத வேண்டியவை: கப்பல் ஏறிய துறைமுகம், முதலும் கடைசியுமான ஆண்டு, கங்காணியா டெப்போவா, ஆண்–பெண் கணக்கு, தங்களுக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள். இந்த ஐந்தும் இல்லாமல் உணவைப் பற்றியும் உடையைப் பற்றியும் எழுதினால் அது சுற்றுலாக் குறிப்பாகத்தான் நிற்கும்.

பெயரை வைத்துத் தேடுவது

நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தது. 1911வரை போனவர்கள் 152,184 பேர். இவர்களுக்கான கப்பல் பட்டியலில் வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அங்க அடையாளம் என்று கட்டங்கள் இருக்கும். மொரிஷியஸ் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களுக்குப் பிந்தியவற்றில் புகைப்படமும் உண்டு.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பட்டியலில் இருப்பது அந்த ஆள் சொன்ன பெயரல்ல, மொழிபெயர்ப்பாளர் காதில் விழுந்து எழுத்தர் கையில் வந்த பெயர். தேடும்போது மெய்யெழுத்தைப் பிடித்துக்கொண்டு உயிரெழுத்தை விட்டுவிடுங்கள். முத்துசாமி என்றால் ம–த–ச–ம என்ற எலும்புக்கூடு மட்டும் போதும். க என்பது ககரத்துக்கான இரண்டு ரோமன் எழுத்தில் எதிலும் வரலாம். ப, ட, ச எல்லாவற்றுக்கும் அப்படியே. ழகரம் ல ஆகும், ர ஆகும், சில சமயம் காணாமலே போகும். 'உ' ஒலியை ஆங்கில எழுத்தர் ஒரு விதமாகவும் பிரெஞ்சு எழுத்தர் வேறு விதமாகவும் இரட்டை எழுத்தால் எழுதினார்கள். ஆகவே ஒரு குடும்பப்பெயரின் எழுத்துக்கூட்டலே அது எந்த நாட்டுப் பதிவேட்டில் பிறந்தது என்று காட்டிவிடும்.

குடும்பப்பெயர் என்பதே அங்கே பிறந்ததுதான். நம் ஊரில் தகப்பன் பெயர் மகனுக்கு முன்னெழுத்து ஆகும், பேரனுக்குப் போகாது. காலனியின் பதிவேடு குடும்பப்பெயர் ஒன்றைக் கேட்டது. முதலில் இறங்கியவரின் பெயரையே அந்தக் கட்டத்தில் போட்டார்கள். ரெயூனியனில் ராமசாமி, வீரப்பிள்ளை, கணபதி என்பவையும், மொரிஷியஸில் ஆறுமுகம், வீராசாமி என்பவையும் இப்படித்தான் தலைமுறைப் பெயர்களாக உறைந்தன. ரெயூனியனில் முன்னால் ஒரு பிரெஞ்சு ஞானஸ்நானப் பெயர், பின்னால் கப்பல் ஏறிய தாத்தாவின் பெயர். தென்னாப்பிரிக்காவில் பட்டங்களே குடும்பப்பெயர் ஆயின: கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார், படையாச்சி படையாச்சியாகவே நின்றார்.

இதை வைத்துச் சாதி சொல்லாதீர்கள். டெப்போவில் சாதிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பது கேட்டவருக்கும் சொன்னவருக்கும் இடையில் நடந்த பேரம். ஊரில் இழிவு சுமந்தவர் கப்பலில் வேறு பட்டம் சொல்லி ஏறியிருக்கலாம். அப்படி மாற்றிச் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. பட்டம் எந்தப் பட்டம் என்று மட்டும் குறியுங்கள், சாதி என்று தலைப்பிடாதீர்கள். இனப்பெயரும் அப்படித்தான். ரெயூனியன் தமிழர்களை 'மல்பார்' என்பார்கள். மலபார் கரைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. தமிழரை மலபாரிகள் என்று அழைப்பது ஐரோப்பியரின் பழைய வழக்கம், இலங்கையில் ஆங்கிலேயரும் அதைத்தான் செய்தார்கள்.

ஜில்லாவைப் பார்க்கும்போது பழைய வரைபடம் வேண்டும். வட ஆர்க்காடு என்றிருந்தால் இன்றைய வேலூரோடு நின்றுவிடாதீர்கள், திருவண்ணாமலையும் அதற்குள். 1911க்கு முன் இன்றைய ஆந்திராவின் சித்தூர்ப் பக்கமும் அதற்குள் இருந்தது. தென் ஆர்க்காடு என்றால் கடலூரும் விழுப்புரமும். ஆகவே 'வட ஆர்க்காடு' என்று போட்டிருப்பவர் தெலுங்கு பேசியவராகவும் இருக்கலாம். திருமணப் பதிவு இல்லை என்றால் திருமணம் நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். 1913இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் தந்த தீர்ப்பு கிறிஸ்தவ முறைப்படி நடக்காத இந்தியத் திருமணங்களையே கேள்விக்குள்ளாக்கியது. காந்தியின் போராட்டத்தில் பெண்கள் திரண்டு சிறை போன பிறகு, 1914 சட்டம்தான் அதைச் சரிசெய்தது. அதற்கு முந்தைய தாள்களில் மனைவி மனைவியாகத் தெரியாமல் போகலாம்.

சொல்லும் பொருளும் தனித்தனியே

மலாய் மொழியில் கப்பலுக்குக் 'காபால்', கடைக்குக் 'கெடாய்', பெட்டிக்குப் 'பெதி', கட்டிலுக்குக் 'காத்தில்', மீசைக்கு 'மீசாய்', வணிக முதலுக்கு 'மோடால்'. இவை தோட்டத் தொழிலாளர் கொண்டுபோன சொற்கள் அல்ல, பல நூற்றாண்டுக்கு முந்தைய வணிகரின் சொற்கள். கப்பல், கடை, பெட்டி, முதல் என்ற வரிசையைப் பார்த்தாலே பேசியவர் யார் என்று தெரிகிறது. பிற்காலத்தில் எதிர்த்திசையில் வந்த சொற்களைப் பாருங்கள். மலேசியத் தமிழில் ரப்பர் 'கித்தா', அது மலாயின் 'கெத்தா'. கிராமம் 'கம்பம்', அது 'கம்போங்'. இலங்கை மலையகத்தில் காலை ஆள்கணக்கு எடுப்பது 'பெரட்டு', அது ஆங்கிலப் 'பரேட்'. குடியிருப்பு வரிசை 'லயம்', அது 'லைன்'. கடன் வாங்கிய சொற்கள் எந்தத் துறையில் குவிகின்றனவோ, அங்கேதான் இரு சமூகங்களும் தொட்டுக்கொண்டன. தொட்டபோது யார் முதலாளி, யார் கூலி என்பதையும் அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

ரெயூனியனின் 'ரூகாய்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் ஊறுகாய்தான். ஆனால் தட்டில் வருவது ஊறியதல்ல. தக்காளி, இஞ்சி, மிளகாய், வெங்காயத்தை அவ்வப்போது இடித்துச் செய்யும் தொக்கு. அதே பெயரில் பன்றி இறைச்சிச் சாசேஜைத் தக்காளியில் வேகவைத்த கறியும் உண்டு. 'சோற்றோடு தொட்டுக்கொள்ளும் காரம்' என்ற இடத்தைச் சொல் பிடித்துக்கொண்டது; பண்டம் மாறியது. அங்கே முருங்கைக்கீரைக்கு 'ப்ரேத் முருங்'. இங்கே செடியும் பெயரும் சேர்ந்தே நின்றன. இதற்கு நேர்மாறாக, மலேசியாவின் மலாக்காவில் பொருள் நிற்கப் பெயர் மாறிய ஒன்று உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

ஆகவே ஒரு வீட்டில் சொல் சேகரிக்கும்போது 'இதற்குத் தமிழில் என்ன?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், பள்ளியிலோ தொலைக்காட்சியிலோ கற்ற சொல்தான் வரும். பொருளை எடுத்துக் காட்டி, 'இது என்ன, உங்க பாட்டி இதை எப்படிச் சொல்வாங்க, உங்க பேத்தி எப்படிச் சொல்வா?' என்று மூன்றாகக் கேளுங்கள். மூன்று பதிலையும் மூன்று கட்டத்தில் எழுதுங்கள். மாற்றம் எந்தத் தலைமுறையில் நடந்தது என்று தானே தெரியும்.

சொல்லாராய்ச்சியில் ஆசை கண்ணை மறைக்கும். தீவுகளின் 'கொலொம்போ' நம் குழம்பிலிருந்து வந்தது என்பார்கள், கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உண்டு. ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. ஒலி, பொருள், சொல் பயணித்த வழி, எழுத்தில் முதலில் கிடைக்கும் காலம் ஆகிய நான்கும் சேர வேண்டும். ரூகாய்க்கு ஒலி, பொருள், வழி மூன்றும் நன்றாகப் பொருந்துகின்றன. கொலொம்போவுக்கு இரு பக்கமும் வாதம் இருப்பதால் இரண்டையும் எழுதிவைப்பதே நேர்மை.

உறவுமுறை

உறவுமுறையைச் சேகரிக்க இன்றும் நம்பத்தக்க முறை, டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளில் உருவாக்கி, பிறகு நம் நீலகிரியில் தோடர்களிடம் கையாண்ட வம்சாவழி முறை. அதன் சூட்சுமம் எளிது: உறவுச் சொல்லை முதலில் கேட்காதே, ஆட்களின் பெயரைக் கேள். தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி என்ற ஐந்து சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவரின் தாய் தந்தை பெயர், அவர்களுக்குப் பிறந்தவர்கள் மூத்தவரிலிருந்து வரிசையாக, ஒவ்வொருவரின் துணை, அவர்கள் பிள்ளைகள். பிறகு ஒரு படி மேலே போய்ப் பாட்டன் பாட்டி. மரம் முழுதாக வரைந்த பிறகு, ஒவ்வொரு பெயர் மேலும் விரல் வைத்து 'இவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?' என்று கேளுங்கள். 'மாமா என்றால் யார்?' என்று கேட்டால் புத்தக விடை வரும். விரல் வைத்துக் கேட்டால் உண்மை வழக்கு வரும்.

இங்கே வழக்கமாகச் சிக்கும் இடங்கள் சில. பழைய தலைமுறைப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். மகனிடமோ நாத்தனாரிடமோ கேட்டு நிரப்புங்கள். தோடர்களிடம் இறந்தவர் பெயரைச் சொல்வதில் தயக்கம் இருந்ததால் ரிவர்ஸும் வேறு ஆட்களிடம் கேட்டுத்தான் நிரப்பினார். குழந்தையிலேயே இறந்தவர்களைச் சொல்லாமல் விடுவார்கள். 'இவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் யாராவது இருந்தாங்களா?' என்று தனியே கேட்க வேண்டும். 'சித்தப்பா' என்று சொல்லப்படுபவர் இரத்த உறவாக இல்லாமல் கப்பலில் கூட வந்தவராகவும் இருக்கலாம். ஃபிஜியிலும் கரீபியனிலும் வட இந்தியர் இவர்களை 'ஜஹாஜி பாய்' என்றார்கள், கப்பல் சகோதரர். அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை ஆனார்கள், மணமுறை கிடையாது. ஊரில் இல்லாத ஓர் உறவைக் கப்பல் உண்டாக்கிற்று. ஓர்டிஸ் சொன்ன 'புதிதாய் முளைத்தது' இதுதான்.

தமிழ் உறவுச் சொற்கள் வெறும் விளிச்சொற்கள் அல்ல. மாமா என்பவர் தாயின் உடன்பிறந்தார், அதே சமயம் மாமனார். அத்தை தகப்பனின் உடன்பிறந்தாள், அதே சமயம் மாமியார். முறைப்பெண், முறைமாப்பிள்ளைத் திருமணம் நடக்கும்வரை இந்தக் கணக்கு சரியாக வரும். அது நின்றால் சொற்களுக்கு வேலை போய்விடும். பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் தாய்மாமன், அக்காள் மகளை மணப்பதைத் தடுக்கிறது. திருச்சபை சிறப்பு அனுமதி கேட்கும். கப்பலிலேயே உறவுக்காரர் இல்லை. மூன்றும் சேர்ந்தபோது மாமாவும் சித்தப்பாவும் பெரியப்பாவும் ஒரே 'தொன்தோன்' ஆனார்கள். மொழி மறந்ததால் உறவு சுருங்கியது என்பார்கள். பல இடங்களில் உறவு சுருங்கியதால் சொல் உதிர்ந்தது என்றே நான் படிக்கிறேன். திருமணத்தோடு தொடர்பில்லாத அண்ணன், அக்கா, தாத்தா போன்ற சொற்கள் தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலமே பேசும் வீடுகளிலும் நிற்பது இதற்குத் துணை.

சடங்கு

மலாக்காவின் செட்டி சமூகம் பல நூற்றாண்டுக்கு முன் குடியேறிய தமிழ் வணிகர் வழி வந்தது. பேசுவது மலாய், பெண்கள் உடுப்பது சாரோங்கும் கெபாயாவும், வழிபாடு சைவம். அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்கள் வழக்கில் 'டத்தோ சாச்சார்' விழா என்று பெயர். 'சாச்சார்' என்றால் மலாயில் அம்மை நோய். முன்பு சொன்ன நேர்மாறு இதுதான்: அம்மைக்கு உரிய தெய்வம் என்ற பொருள் அப்படியே நிற்கிறது, பெயர் மட்டும் மலாயாக மாறி, 'டத்தோ' என்ற மரியாதையும் சேர்ந்துகொண்டது. மொழி முழுதும் போன இடத்தில் சடங்கின் அர்த்தம் இவ்வளவு துல்லியமாக மிஞ்சியிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நேட்டாலில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள்; ஆங்கிலத்தில் 'கஞ்சிப் பிரார்த்தனை' என்ற பொருள்படும் பெயரே அதற்கு உண்டு. கேழ்வரகு இருந்த இடத்தில் மக்காச்சோள மாவு. அங்கே பருவம் தலைகீழ், ஆடி குளிர்காலம். ஆனாலும் மாதம் மாறவில்லை. ரெயூனியனில் தீமிதி 'பாண்டியாலே'வுக்கு, நம் பாஞ்சாலிதான். பதினெட்டு நாள் விரதம், பாரதப்போரின் பதினெட்டு நாளுக்குக் கணக்கு. கூத்துக்கு அங்கே 'நர்ல்கோன்', அதாவது நாடகம்.

சடங்கைப் பதிவுசெய்யும்போது நான்கு நிரல் போதும்: என்ன செய்கிறார்கள் என்ற வரிசை, எந்தப் பொருளால், யார் கையால், என்ன சொல்லி. 'ஏன்?' என்ற கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே கேட்டால், கேட்பவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லிவிடுவார்கள். மரியாதைக்காகச் சொல்வது அது.

மிகப் பெரிய தவறு ஒன்று உண்டு. நேற்று விமானத்தில் வந்ததை, 1860இல் கப்பலில் வந்தது என்று எழுதிவிடுவது. 1970களுக்குப் பிறகு ரெயூனியனிலும் மொரிஷியஸிலும் பிற இடங்களிலும் தமிழ் மறுமலர்ச்சி வந்தது. தமிழகத்திலிருந்து ஸ்தபதிகள் போய் ராஜகோபுரம் கட்டினார்கள், குருக்கள் வந்தார்கள், சமஸ்கிருத அர்ச்சனை வந்தது, ஆட்டுப்பலி 'சரியில்லை' என்றானது. கோபுரம் பார்க்கப் பழையதுபோல இருக்கும். அந்த மண்ணில் அது புதிது. தகரக்கூரைக்குக் கீழே ஊமைக் கற்களுக்குக் கோழி அறுத்து, தப்படித்து, பாதி புரியாத பாட்டைப் பாடிய பூசாரிதான் பழையவர். அவரை 'தப்பாகச் செய்கிறார்' என்று ஒதுக்கிவிட்டுச் 'சரியானதை' வைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தென் ஆர்க்காட்டுக் கிராமத்து வழிபாட்டின் அடையாளங்கள் அவர் கையில்தான் இருக்கின்றன. நம் ஊரிலேயே அவற்றில் பல மாறிப் போய்விட்டன.

எது பழையது என்று பிரிக்கச் சில சோதனைகள் இருக்கின்றன. பெயர் தேய்ந்திருந்தால் பழையது: மாலியேமேன், பாண்டியாலே, நர்குலான் என்பவை காதால் வந்து வாயால் தேய்ந்தவை. 'ஸ்ரீ', 'தேவஸ்தானம்' என்று முழுதாக எழுதப்பட்டிருப்பது எழுத்தின் வழி வந்தது, அநேகமாகப் புதிது. செய்பவர் தகப்பனிடம் கற்றாரா, பயிற்சிக்குப் போய்க் கற்றாரா என்று கேளுங்கள். அதே சடங்கு, தொடர்பே இல்லாத இன்னொரு தீவிலும் அதே உருவில் இருந்தால் பழையது என்பதற்கு அது வலுவான சான்று. நாகூர்க் கம்பம் குவாதலூப்பிலும் ரெயூனியனிலும் இருப்பது அப்படி ஒரு சான்று: இரண்டு தீவுக்கும் நடுவில் இரண்டு பெருங்கடல், பொதுவாக இருந்தது காரைக்கால் கரை மட்டும்.

ஒலிப்பதிவுக்குத் தொலைபேசியே போதும். ஆனால் சுருக்காத 'வேவ்' கோப்பாகப் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள்; சுருக்கிய கோப்பில் ர, ற, ழ வேறுபாடும் மேளத்தின் மேல்சுருதியும் மங்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவரின் பிறந்த ஆண்டு, பதிவுக்கு அவர் தரும் சம்மதம் ஆகியவை அவர் குரலிலேயே இருக்கட்டும். தனித்தாளில் எழுதியது தொலைந்துவிடும்.

இந்தத் தீவுகளில் பூசாரிகளிடமும் பாட்டுக்காரர்களிடமும் பழைய நோட்டுப் புத்தகங்கள் இருப்பது உண்டு. தமிழ்ப் பாட்டு, ஆனால் எழுத்து ரோமன், எழுத்துக்கூட்டல் பிரெஞ்சு. எழுதியவருக்கே சொல்லுக்குச் சொல் அர்த்தம் தெரியாமல் இருக்கலாம். பக்கத்தை இரு பக்க வெளிச்சத்தில், பக்க எண் தெரிய, அட்டையும் தையலும் உட்படப் படம் எடுங்கள். பிறகு தட்டச்சு செய்யும்போது முதல் நிரலில் அவர் எழுதியபடியே, பிழை என்று தோன்றுவதையும் திருத்தாமல். இரண்டாவதில் அவர் பாடும்போது காதில் விழுகிறபடி. மூன்றாவதில்தான் நீங்கள் ஊகிக்கும் தமிழ். 'பாண்டியாலே' என்று இருக்கும் இடத்தில் முதல் நிரலில் 'பாஞ்சாலி' என்று போட்டுவிட்டால், அந்தச் சொல் எந்த வழியாக வந்தது என்பதைக் காட்டும் தடயம் அங்கேயே அழிந்துவிடும்.